வேலை முடிந்தது, ஆபத்து எஞ்சியது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பிளக் பாயிண்டை இடம் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர் பிற்பகலில் வந்தார். சுவரைக் கொத்தினார், பெட்டியைப் பதித்தார், கம்பிகளை இழுத்தார். கடைசியில் பார்த்தால் வாங்கி வந்த மூடித்தகடு பெட்டிக்குப் பொருந்தவில்லை. "நாளைக்கு வேறு தகடு கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, மின்விசிறி ஓட வேண்டுமே என்று மெயினைப் போட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, அப்போது ஒன்றே கால் வயதாகியிருந்த என் மகள் அந்தப் பெட்டியின் முன்னே உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கம்பியிலிருந்து உரித்துப் போட்ட சிவப்புத் தோல். தரையில் செப்பு இழைத் துணுக்குகள், ஒரு திருகாணி. அவளுடைய முகத்துக்கு நேரே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், உரித்த முனையோடு இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு சாண் இருக்கலாம். அவளைத் தூக்கிக்கொண்டு போய் மெயினை அணைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் அவர் வந்தபோது இதைச் சொன்னேன். அவர் பதறவில்லை. "கரண்ட் அவ்வளவு சுலபமா அடிச்சிடாது சார். நான் எத்தனையோ தடவை தொட்டிருக்கேன். இதோ நல்லாத்தானே இருக்கேன்" என்று சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பலமுறை தொட்டிருப்பார், நன்றாகவும் இருக்கிறார். ஆனால் அதே கம்பியை அந்தக் குழந்தை தொட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும். ஏன்? கல்லூரியில் ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் எழுதிவரும் ஓம் விதியே இதற்கு விடை தருகிறது.

ஒரே மின்னழுத்தம், இரண்டு உடல்கள்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அது விநாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாயும் மாறுதிசை மின்னோட்டம். உடலில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பது, இந்த அழுத்தத்தை அதன் பாதையில் உள்ள மொத்தத் தடையால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. அழுத்தம் எல்லாருக்கும் ஒன்றே. தடைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நம் உடலின் உட்பகுதி உப்பு நீர் நிறைந்தது. மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். தடை பெரும்பாலும் தோலின் மேற்புறத்தில் உள்ள உலர்ந்த, உயிரற்ற படலத்தில்தான் இருக்கிறது. மழைக்கோட்டு நம்மை நனையாமல் காப்பது போல இந்தப் படலம் நம்மைக் காக்கிறது. ஆண்டுக்கணக்காகத் திருப்புளி பிடித்துக் காய்த்துப்போன கையில் இந்தப் படலம் தடித்திருக்கும். அதோடு காலில் ரப்பர்ச் செருப்பு, நிற்பது மர ஸ்டூல், கம்பியைத் தொடுவதும் ஒரு நொடி, ஒரு விரல் நுனியால். இவ்வளவும் சேர்ந்து பாதையின் தடை 50,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 50,000-ஆல் வகுத்தால் 0.0046 ஆம்பியர், அதாவது 4.6 மில்லி ஆம்பியர் வருகிறது. சுரீரென்று இருக்கும், கையை உதறிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இனிக் குழந்தையைப் பாருங்கள். அதன் தோல் மெல்லியது. கை எப்போதும் வாயில் இருப்பதால் எச்சிலால் ஈரமானது. செருப்பு இல்லை. தவழும் குழந்தையாயின் மற்றொரு உள்ளங்கையும் இரு முழங்கால்களும் தரையில் படிந்திருக்கும். தரையோ அப்போதுதான் துடைத்த சிமெண்டுத் தரையாக இருக்கலாம். 230 வோல்ட் அழுத்தத்தில் மெல்லிய ஈரத்தோலின் தடை சட்டென்று சரிந்துவிடும். பாதையின் மொத்தத் தடை 1,500 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் சுமார் 153 மில்லி ஆம்பியர். எலக்ட்ரீஷியன் உடலில் பாய்ந்ததைப் போல முப்பத்து மூன்று மடங்கு! ஒரே கம்பி, ஒரே வோல்ட், ஆனால் இரண்டு உடல்கள்.

குழந்தை கம்பியைக் கையால் தொடுவதோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பது அதன் இயல்பு. உதட்டிலும் நாக்கிலும் அந்தக் காய்ந்த படலமே கிடையாது. அங்கே மழைக்கோட்டு இல்லாமல் மழையில் நிற்பது போலத்தான்.

விட முடியாத பிடி

எவ்வளவு மின்னோட்டம் உடலை என்ன செய்யும்? ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரில் நமக்கு ஒரு துடிப்புத் தெரிகிறது. அது சிறிது கூடினால் வலிக்கிறது. இன்னும் கூடினால் விபரீதம் ஒன்று நிகழ்கிறது. நம் தசைகளை இயக்குவது நரம்புகள் வழியாக வரும் சிறு மின் துடிப்புகளே. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் அவற்றை மீறித் தசைகளை இடைவிடாமல் சுருங்கச் செய்கிறது. கையை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை. ஆகவே கம்பியைப் பற்றிய கை மேலும் இறுகும். விடவேண்டும் என்று மனம் நினைத்தாலும் கை கேட்காது. "கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டது" என்று மக்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் கம்பி நம்மை இழுப்பதில்லை. நம் தசையே நம்மைக் கம்பியோடு கட்டிப்போடுகிறது.

இந்த எல்லையை முறையாக அளந்தவர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல். 1940-களில் தாமாக முன்வந்தவர்களை வைத்து, கையிலுள்ள கம்பியை எந்த மின்னோட்டம் வரை விட முடிகிறது என்று அவர் சோதித்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். ஏறக்குறைய எல்லா ஆண்களாலும் விட்டுவிட முடிகிற பாதுகாப்பான அளவு 9 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 6. குழந்தைகளுக்கு இது ஆண்களுக்கு உரியதில் பாதி, அதாவது சுமார் 4.5 மில்லி ஆம்பியர்தான் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

நம் எலக்ட்ரீஷியன் கணக்கில் வந்த 4.6 என்ற எண்ணை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவருக்கு வெறும் சுரீர் என்று தோன்றுகிற அதே மின்னோட்டம், குழந்தையின் பிடியைப் பூட்டிவிடும் எல்லையில் நிற்கிறது.

மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சில விநாடிகள் நீடித்தால் மூச்சுத் தசைகள் இறுகிக்கொள்ளும். இன்னும் உயர்ந்து, அது மார்பின் வழியாகப் பாய்ந்தால், இதயத்தின் கீழறைகள் சீராகத் துடிப்பதை விட்டுவிட்டுப் புழுக்கூட்டம் நெளிவது போல் நடுங்கத் தொடங்கும். இரத்தம் பாய்வது நின்றுவிடும். ஒரு கையால் கம்பியைத் தொட்டு, மறு கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றியிருக்கும் குழந்தையின் உடலில், மின்னோட்டத்தின் பாதை மார்பைக் கடந்துதான் செல்கிறது.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றாது?

"வீட்டில்தான் ஃபியூஸ் இருக்கிறதே, அல்லது எம்.சி.பி. இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. வீட்டு விளக்குச் சுற்றிலுள்ள எம்.சி.பி. 6 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். நாம் கணக்கிட்ட 153 மில்லி ஆம்பியர் என்பது 0.153 ஆம்பியர், ஒரு சிறிய குண்டு பல்பு எடுக்கும் மின்னோட்டத்துக்கு ஒப்பானது. உயிர் போகும் மின்னோட்டமும் பல்பு எரியும் மின்னோட்டமும் ஃபியூசுக்கு ஒன்றுதான். அளவுக்கு மீறிச் சூடாகிக் கம்பி தீப்பற்றாமல் காப்பதே அதன் வேலை. அது கம்பிக்குக் காவல். மனிதனுக்குக் காவல் அல்ல.

வெளியே தெரியாத மூன்று குறைகள்

திறந்து கிடக்கும் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. மூடித்தகட்டுக்குள்ளே மறைந்து, பல ஆண்டுகள் காத்திருக்கும் குறைகள் வேறு சில உண்டு.

முதலாவது, சுவிட்சைத் தவறான கம்பியில் வைப்பது. வீட்டுக்குள் வரும் இரு கம்பிகளில் ஃபேஸ் எனப்படுவது 230 வோல்ட் அழுத்தத்தில் உள்ளது. நியூட்ரல் எனப்படுவது ஏறக்குறையத் தரையின் அழுத்தத்திலேயே இருக்கும். சுவிட்சு ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். மாறி நியூட்ரலில் இருந்தாலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையும். குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஆற்று நீரை மடையிலேயே அடைப்பதற்குப் பதிலாக வயலின் கடைவாயில் அடைத்தது போன்றது இது. நீர் ஓடாது; ஆனால் வயல் நிறைய நீர் நிற்கும். சுவிட்சு அணைந்துதானே இருக்கிறது என்று நம்பி பல்பு மாட்டுகிற பெரியவருக்கும், பல்பில்லாத மேசை விளக்கின் ஹோல்டருக்குள் விரலை விடுகிற குழந்தைக்கும் இது பொறி.

இரண்டாவது, எர்த் கம்பி இல்லாமை. மூன்று துளை பிளக் பாயிண்டில் மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கு உரியது. பிளக்கிலும் அந்த முள்ளே நீளமானது, பருமனானது. செருகும்போது முதலில் சேர்ந்து, எடுக்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடலை அது பூமியோடு இணைக்கிறது. உள்ளே காப்பு கெட்டு ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் மனிதன் வழியாக அல்லாமல் அந்தக் கம்பி வழியாகப் பூமிக்குப் போகும். துளை மட்டும் இருந்து அதன் பின்னே பச்சைக் கம்பி இல்லையென்றால், அது வாசற்கதவைச் சுவரில் வரைந்து வைத்தது போல. குளிர்பதனப் பெட்டியைத் தொட்டால் லேசாக 'ஜிவ்' என்கிறது என்று யாராவது சொன்னால், அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டின் எர்த் வேலை செய்யவில்லை என்று அந்த இயந்திரம் சொல்லும் செய்தி அது.

மூன்றாவது, போலி எர்த். எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். சாதாரணமாகச் சோதித்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். ஆனால் என்றாவது ஒரு நாள் அந்த நியூட்ரல் கம்பி எங்கேனும் தளர்ந்து விட்டுப்போனால் என்ன ஆகும்? ஃபேஸ் கம்பியிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைந்த மின்சாரத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போகும். துண்டுக் கம்பி வழியாக அது இயந்திரத்தின் உலோக உடலுக்கு வந்து நிற்கும். காப்பாற்ற வேண்டிய எர்த் முள்ளே 230 வோல்ட்டை வெளியே கொண்டுவந்து வைக்கிறது! எர்த் இல்லாத வீட்டைவிடப் போலி எர்த் உள்ள வீடு கொடியது.

தற்காலிகக் குறைகளும் உண்டு. தரைக்கல் பதிக்க வருகிறவர்கள் வெட்டும் இயந்திரத்துக்குப் பிளக் இல்லாமல், உரித்த கம்பி முனைகளைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சியைச் செருகி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உணவு இடைவேளையில் அவர்கள் எழுந்து போவார்கள். கம்பி அப்படியே இருக்கும். தீக்குச்சி விழுந்தால் முனை தரையில் கிடக்கும்.

உண்மையான காவலாளி

ஃபியூஸ் செய்யாத காவலைச் செய்வதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர். கடைகளில் பழைய வழக்கப்படி ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். அதன் தத்துவம் வரவு செலவுக் கணக்கே. ஃபேஸ் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரவேண்டும். இரு கம்பிகளும் ஒரு வளைய இரும்பு உள்ளகத்தின் வழியே செல்கின்றன. போவதும் வருவதும் சமமானால், அவை உண்டாக்கும் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கேனும் ஒரு பகுதி யாருடைய உடல் வழியாகவோ தரைக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும். வளையத்தில் காந்தப் புலம் எஞ்சும். அது ஒரு சுருளில் மின் துடிப்பை எழுப்பிச் சுவிட்சை விடுவித்துவிடும். வீடுகளுக்கு உரிய கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கசிவு அதிகமானால் இன்னும் விரைவில் துண்டிக்கும். அமெரிக்காவில் இத்தகைய கருவி ஒன்றை 1961-இல் உருவாக்கியவரும் நாம் மேலே கண்ட அதே டால்ஸீல்தான்.

இந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தை இரு துளைகளிலும் இரு ஆணிகளைச் செருகிப் பிடித்தால், மின்னோட்டம் ஃபேசில் போய் நியூட்ரலில் முழுமையாகத் திரும்பிவிடக்கூடும். கணக்கு நேராகிவிடும், கருவி ஏமாந்துவிடும். ஆகவே துளைகளுக்கு உள்ளே தாமாக மூடிக்கொள்ளும் தடுப்பு உள்ள பிளக் பாயிண்டுகளையே வாங்க வேண்டும். எர்த் முள் நுழைந்தால்தான் அவற்றில் மற்ற இரு துளைகளும் திறக்கும். கருவியில் 'டி' என்று குறித்த சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். இணைப்பு அறுபடவில்லையானால் காவலாளி தூங்கிவிட்டான் என்று பொருள்.

மின்சாரம் மட்டுமா?

இதே முறையில் மற்ற வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றிலும் பெரியவரின் உடலை அளவாக வைத்து, "இதனால் என்ன ஆகிவிடும்?" என்று விட்டுப்போவதே நடக்கிறது.

கொத்தனார் பாதி நீரோடு ஒரு வாளியை விட்டுச் செல்கிறார். பெரியவரின் உயரத்தில் தலை சுமார் எட்டில் ஒரு பங்கு; பிறந்த குழந்தைக்கோ நாலில் ஒரு பங்கு. நடக்கப் பழகும் வயதிலும் தலைப்பாரம் மிகுதி; ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தையின் ஈர்ப்பு மையம் விளிம்பைத் தாண்டிய கணமே உடல் தலைகீழாகக் கவிழும். தன் எடையைக் கையூன்றி மீட்கும் வலிமை அதற்கு இல்லை. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு நீரே போதும். தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர் மூடியை முழுவதும் பொருத்தாமல் சாக்கைப் போட்டு மறைத்துச் செல்வது இதைவிடக் கொடியது. சாக்கு குழியைத் தரையாகக் காட்டும்.

வண்ணம் பூசுகிறவர் எஞ்சிய தின்னரையோ மண்ணெண்ணெயையோ குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிறார். இந்த நீர்மங்களுக்குப் பாகுநிலை மிகக் குறைவு. குடித்த குழந்தை புரையேறினாலோ வாந்தி எடுத்தாலோ அவை எளிதில் வழுக்கி நுரையீரலுக்குள் பரவிவிடும். வயிற்றில் செய்யும் கேட்டைவிட அங்கே செய்யும் கேடு பெரிது. ஆகவே இவற்றைக் குடித்த குழந்தையை ஒருபோதும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சுண்ணாம்பும் சிமெண்டும் நீரோடு சேர்ந்தால் வலிய காரம். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிய பிறகே மற்றவை.

ரிமோட்டையோ பொம்மையையோ பழுதுபார்ப்பவர் பழைய பொத்தான் மின்கலத்தைக் கழற்றி மேசையில் போட்டுவிடுகிறார். 'செத்த' மின்கலம்தானே என்று நினைக்க வேண்டா. ரிமோட்டை இயக்கும் வலிமை இழந்த 3 வோல்ட் லித்தியம் மின்கலத்திலும், உணவுக்குழாயின் ஈரத்தில் மின்னாற்பகுப்பு நடத்தும் அளவு அழுத்தம் மிஞ்சியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அதன் எதிர் முனைப் பக்கத்தில் காரம் உண்டாகித் திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் ஏற்படலாம். விழுங்கியதாக ஐயம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இந்த வரிசையில் நாம் மறக்கக்கூடாத ஒன்று மூடாத ஆழ்துளைக் கிணறு. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் அப்படி ஒன்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பின் சடலமாகவே மீட்கப்பட்டான். நாடே அந்த நான்கு நாளும் உறங்கவில்லை. துளைக்கு இரும்புத் தகட்டைப் பற்றவைத்தோ, வலுவான மூடியை ஆணியும் மரையும் கொண்டு இறுக்கியோ மூட வேண்டும், கைவிட்ட துளையைத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஒரு மூடியின் விலை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

குற்றம் யாருடையது?

இவ்வளவையும் படித்துவிட்டு வேலைக்காரர்கள் மீது மட்டும் கோபப்படுவது நியாயமாகாது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, குப்பையை வாருவதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் நாம் காசு பேசுவதில்லை. ஒரே நாளில் மூன்று வீடு போனால்தான் அவருடைய அடுப்பு எரியும். பலர் யாரிடமோ எடுபிடியாக இருந்து, பார்த்துப் பழகியவர்கள். அவர்களுக்கு எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஏன் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

என் கதைக்கும் ஒரு மீதி இருக்கிறது. மறுநாள் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது, உள்ளே பச்சைக் கம்பியே இல்லை என்பதைக் கண்டேன். கேட்டதற்கு அவர், "நீங்கதானே சார், செலவைக் குறைக்கச் சொன்னீங்க?" என்றார். உண்மைதான். கணக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதில் எதையாவது குறைக்க முடியாதா?" என்று கேட்டவன் நான். அவர் குறைத்தது எர்த் கம்பியை. அறைக்குள் ஓம் விதி கற்பிக்கிற நான், என் வீட்டில் எது குறைக்கப்பட்டது என்று கேட்கவில்லை. அன்று அந்தக் கம்பியைச் சேர்த்து இழுக்க ஆன செலவு என் மகளின் ஒரு ஜோடிச் செருப்பின் விலைகூட இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன்

வேலை முடிந்ததும் பணத்தை எடுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. வேலை மறுநாளும் நீளுமானால், திறந்த பெட்டியின் கம்பி முனைகளை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் டேப் சுற்றி, அந்தச் சுற்றின் எம்.சி.பி.யை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மின்விசிறி இல்லாமல் இருக்கலாம்.

2. ஒவ்வொரு விளக்குச் சுவிட்சும் ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா என்று உங்கள் முன் டெஸ்டரால் காட்டச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்த பின் ஹோல்டரில் டெஸ்டர் ஒளிரக் கூடாது.

3. டெஸ்டர் எர்த் இருப்பதைக் காட்டாது. பிளக் பாயிண்டைத் திறந்து பச்சைக் கம்பி எர்த் முனையில் இறுக்கப்பட்டிருப்பதையும், அங்கிருந்து நியூட்ரலுக்குத் துண்டுக் கம்பி ஏதும் ஓடவில்லை என்பதையும் மெயினை அணைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இவற்றை நீங்களே கழற்றிப் பார்க்க முயல வேண்டா.

4. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும். இருந்தால் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

5. வாளி, தொட்டி மூடி, பாட்டில், பழைய மின்கலம், ஆணி, செப்புத் துணுக்கு ஆகியவற்றை எண்ணி அகற்றுங்கள். அதற்கு என்று தனியாகக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், மின்சாரம் பற்றியிருக்கும் குழந்தையை ஓடிப்போய்த் தூக்காதீர்கள். உங்களையும் அது பற்றிக்கொள்ளும். முதலில் மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். மூச்சில்லையானால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எழுந்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. வேலையாளைப் போகவிடும் முன், அவரையும் அழைத்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நின்றால் தெரியாதவை அந்த உயரத்தில் தெரியும். முதல் முறை நான் இப்படிச் செய்தபோது அந்த எலக்ட்ரீஷியன் சிரித்தார். பிறகு அவரும் மண்டியிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து, முந்தைய நாள் தவறவிட்ட ஒரு செப்புத் துணுக்கை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் அவர் எத்தனையோ வேலைகள் செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன், யாரும் சொல்லாமலே, குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.